ஹேக்கிங் என்ற சொல்லும் கூடங்குளத்து அறிக்கையும்

தமிழில் "ஹேக்கிங் என்றால் என்ன" என்று தேடிப் பாருங்க. வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பத்தியில் "கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதே ஹேக்கிங்" என்று ஒரு வரையறை. அப்புறம் வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி, சாம்பல் தொப்பி. சில பேர் கூடவே பச்சை, நீலம், சிவப்பு என்று துணிக்கடை மாதிரி அடுக்கிடுவாங்க. கடைசியில் "வலுவான கடவுச்சொல் வையுங்கள்" என்று அறிவுரை. ரொம்ப நாளா இதையெல்லாம் வாசித்து வர்றேன். இந்த வகைப்பாடு நமக்கு எதையும் புரியவைக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். சில சமயம் புரிவதைத் தடுக்கவும் செய்யுது. அதற்கு நம்ம தென் மாவட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் தொப்பிக் கதை. பழைய அமெரிக்கக் குதிரைவீரர் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பி போடுவான், கெட்டவன் கறுப்புத் தொப்பி போடுவான். அந்த வழக்கத்தில் இருந்து வந்த பெயர்கள் இவை. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் எம்ஜிஆர் வகை ஹேக்கர், நம்பியார் வகை ஹேக்கர் என்று பிரிக்கிற மாதிரி. செய்கிறவனின் மனசு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும் வகைப்பாடு இது. என்ன நடந்தது, எந்த வழியாக நடந்தது, யாருக்கு என்ன போச்சு என்பதைச் சொல்லாது. ஒரு வீட்டில் திருட்டுப் போனால் போலீஸ்காரர் வந்து முதலில் பூட்டைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், ஓட்டைப் பிரிச்சிருக்கா என்று பார்ப்பார். திருடனின் குணநலனைப் பற்றி ஆரம்பத்திலேயே கட்டுரை எழுத மாட்டார்.

சொல்லுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொம்மை ரயில் பாதை கட்டி விளையாடும் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. ரயிலுக்கு மின்னிணைப்பு கொடுக்கும் சிக்கலான வேலையைச் சாமர்த்தியமாக, குறுக்கு வழியில் முடிப்பதை அவர்கள் 'ஹேக்' என்றார்கள். அதே பையன்கள் பின்னால் டிஎக்ஸ்-0, பிடிபி-1 போன்ற கணினிகளின் பக்கம் போனபோது சொல்லும் கூடவே போனது. அப்போது அது பாராட்டுச் சொல். 1980களில் செய்தித்தாள்கள் கையில் கிடைத்த பிறகுதான் திருட்டு வாசனை முழுசாக ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு 'கொந்தர்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொந்துதல் என்றால் குத்துதல், கொத்துதல். பறவை பழத்தைக் கொந்துகிற மாதிரி. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், ஆனா வழக்கில் நிற்கலை. பத்திரிகைகள் 'ஊடுருவல்' என்று எழுதும். டீக்கடையில் எல்லோரும் 'ஹேக் பண்ணிட்டாங்க' என்றுதான் சொல்றாங்க. சொல் எதுவாக இருந்தாலும் பிரச்சனை இல்லை. ஒரே சொல் அஞ்சாறு வேறு வேறு காரியங்களுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதுதான் பிரச்சனை.

எங்க ஊர்ப் பெயரே இதற்கு உதாரணம். நான் எழுதுவது திருவண்ணாமலையில் இருந்து. கிரிவலத் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரமே இங்கேதான் நிற்கும். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே "அண்ணாமலையார் ஊரா?" என்பார்கள். சொல் சரிதான், போக வேண்டிய பஸ்தான் வேறு. 'ஹேக்கிங்' விஷயத்திலும் நாம் அடிக்கடி தப்பான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம்.

சட்டமே இந்தச் சொல்லில் தடுமாறியிருக்கு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஆம் பிரிவுக்கு 'ஹேக்கிங்' என்றே தலைப்பு இருந்தது. ஆனால் அதில் நுழைவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒருவருக்கு நட்டம் உண்டாக்கும் எண்ணத்தோடு, அல்லது நட்டம் உண்டாகும் என்று தெரிந்தே, கணினியில் உள்ள தகவலை அழித்தால், மாற்றினால், அதன் மதிப்பையோ பயனையோ குறைத்தால் அது ஹேக்கிங். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதியில்லாமல் நுழைவது, நகலெடுப்பது, வைரஸ் புகுத்துவது எல்லாம் 43ஆம் பிரிவில் தனியாக இருந்தன. அவற்றுக்கு இழப்பீடு மட்டும்தான். அதாவது நம் கட்டுரையாளர்கள் 'ஹேக்கிங்' என்று வரையறுக்கிற காரியமும் சட்டம் 'ஹேக்கிங்' என்று சொன்ன காரியமும் வேறு வேறாக இருந்தன.

2008இல் திருத்தம் வந்து, 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்தது. 66ஆம் பிரிவின் தலைப்பு 'கணினி தொடர்பான குற்றங்கள்' என்று மாறிவிட்டது. 43இல் சொல்லப்பட்ட எதையும் நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றாயிற்று. 'ஹேக்' என்ற சொல்லை அந்தப் பிரிவில் இருந்தே எடுத்துவிட்டார்கள். இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஒரு வழவழா சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதை விட, நுழைந்தானா, நகலெடுத்தானா, வைரஸ் விட்டானா, அடைத்தானா என்று காரியம் காரியமாகப் பட்டியல் போடுவது நல்லது. நம் கட்டுரைகள் இன்னும் தொப்பியை விட்டு இறங்கலை.

சரி, கூடங்குளத்துக்கு வருவோம்.

2019 அக்டோபர் 28. வைரஸ்டோட்டல் என்று ஒரு இணைய சேவை இருக்கு. சந்தேகப்படும் கோப்புகளை அதில் ஏற்றினால், பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைச் சோதித்து முடிவு சொல்லும். அங்கே வந்த ஒரு கோப்பைப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு அதிர்ச்சி. அது 'டிட்ராக்' என்ற உளவு நிரல். அதன் உள்ளே, நிரலிலேயே பதித்து வைத்த மாதிரி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம், ஒரு நிர்வாகிக் கணக்கின் பெயர், கடவுச்சொல், உள் வலையமைப்பின் முகவரி எல்லாம் இருந்தன. சேகரித்த விவரத்தை அதே வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினிக்கு நகர்த்த அந்தப் பெயரும் கடவுச்சொல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஊரெல்லாம் பரவுகிற வைரஸில் இப்படி ஒரு குறிப்பிட்ட இடத்தின் கடவுச்சொல் இருக்காது. ஒரு தடவை உள்ளே வந்து, பார்த்து, தெரிந்துகொண்டு போன ஒருவர் இரண்டாம் சுற்றுக்காகத் தைத்த சட்டை இது.

டிட்ராக் அப்போது புதுப் பெயரும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2019 செப்டம்பரில், காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதைப் பற்றி எழுதியிருந்தது. இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரங்களைப் படிக்கும் ஒரு நிரலை ஆராயப் போய், அதன் அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு குடும்பத்தையே கண்டுபிடித்தார்கள். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்வது, உலாவியின் வரலாற்றை எடுப்பது, ஓடுகிற நிரல்களின் பட்டியல், வட்டில் இருக்கும் கோப்புகளின் பட்டியல் எடுப்பது, இவைதான் அதன் வேலை. வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவண்ணம் என்பது காஸ்பர்ஸ்கியின் கணிப்பு. ஆக இது எதையும் வெடிக்கவைக்கும் நிரல் இல்லை. வீட்டுக்குள் வந்து அலமாரி எங்கே, சாவி எங்கே, யார் எத்தனை மணிக்குத் தூங்குறாங்க என்று குறித்துக்கொண்டு போகும் வகை.

அன்றைக்கே புக்ராஜ் சிங் என்ற இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்விட்டரில் எழுதினார். கூடங்குளத்தின் 'டொமைன் கண்ட்ரோலர்' அளவுக்கு ஊடுருவல் நடந்திருக்கு, அரசுக்கு முன்பே தகவல் சொல்லியாச்சு, மிக முக்கியமான இலக்குகள் தாக்கப்பட்டிருக்கு என்பது அதன் சாரம்.

மறுநாள், அக்டோபர் 29, நிலையத்தின் தகவல் அதிகாரி பெயரில் அறிக்கை வந்தது. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பில்லாதவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. முதல் அலகு 1000 மெகாவாட்டிலும் இரண்டாம் அலகு 600 மெகாவாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கு என்றும் சொன்னது.

அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 30, இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. தீநிரல் கண்டறியப்பட்டது சரிதான். செப்டம்பர் 4ஆம் தேதி செர்ட்-இன் அதைக் கவனித்துத் தெரிவித்தது. பாதிக்கப்பட்ட கணினி, நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒருவருடையது. முக்கியமான உள் வலையமைப்பு தனியாக இருக்கு. நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படலை. இதுதான் அதன் சாரம்.

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. முதல் அறிக்கையில் பொய் இருக்கா என்று தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி மட்டும்தான் அது பேசுது. அலுவலக வலையமைப்பைப் பற்றி வாயே திறக்கலை. "உங்க வீட்டில் திருடன் புகுந்தானா?" என்று கேட்டால் "எங்க வீட்டு லாக்கரைத் திறக்கவே முடியாது" என்று பதில் சொல்கிற மாதிரி. நிபுணர் சொன்னது 'டொமைன் கண்ட்ரோலர்'. அலுவலகக் கணினிகளில் யார் நுழையலாம், யாருக்கு என்ன அனுமதி என்பதை நிர்வகிக்கும் சர்வர் அது. அறிக்கை சொன்னது உலையின் 'கண்ட்ரோல் சிஸ்டம்'. இரண்டிலும் 'கண்ட்ரோல்' என்று வருவதால் செய்தி வாசித்தவர்களுக்கும் சில சமயம் எழுதியவர்களுக்குமே இரண்டும் ஒன்றாகிவிட்டது. அப்புறம் விவாதம் முழுக்க "உலையை ஹேக் பண்ணிட்டாங்களா, இல்லையா" என்று போச்சு. அதே அக்டோபர் 19ஆம் தேதி இரண்டாம் அலகு நின்றிருந்தது வேறு. நீராவி உருவாக்கியில் நீர்மட்டம் குறைந்தது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதையும் இதோடு முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு திகில் கதையே ஓடியது.

ஆய்வாளர் பக்கமும் எனக்குக் குறை உண்டு. மிக முக்கிய இலக்கு என்ற சொற்கள் பொதுவெளியில் எப்படிக் கேட்கும் என்று யோசித்திருக்கணும். ஒரு அணு உலையின் பெயரோடு சேர்த்துச் சொன்னால் ஜனங்களுக்கு ஃபுகுஷிமாதான் ஞாபகம் வரும். ஆனால் அவர் எச்சரிக்கை மணியை முன்பே அதிகாரிகளிடம் அடித்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். செப்டம்பர் 4க்கும் அக்டோபர் 28க்கும் நடுவில் 54 நாள். அந்த 54 நாளும் விஷயம் உள்ளே தெரியும், வெளியே தெரியாது. கோப்பு வைரஸ்டோட்டலில் வராமல் இருந்திருந்தால் இன்றுவரைகூடத் தெரியாமலே போயிருக்கலாம்.

தனித்த வலையமைப்பு என்பது பொய்யான பாதுகாப்பு என்று நான் சொல்ல வரலை. அது உண்மையிலேயே பெரிய தடுப்பு. அதற்காக 'சாத்தியமே இல்லை' என்று எழுதலாமா? 2010இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தைக் குறிவைத்தது. அங்கேயும் இணையத் தொடர்பு கிடையாது. யுஎஸ்பி குச்சி வழியாகப் பரவும் திறனோடு அதை எழுதியிருந்தார்கள். சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, சுழலும் மையவிலக்குகளின் வேகத்தை மாற்றி, கண்காணிப்பவர்களுக்கு எல்லாம் நலம் என்று காட்டியது. 2019இல் ஒரு அணுமின் நிலையத்தின் பெயரில் அறிக்கை எழுதும் எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

அலுவலக வலையமைப்பை 'வெறும் நிர்வாகம்' என்று ஒதுக்குவதும் எனக்குச் சரியாகப் படலை. யார் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார், எந்த உதிரிபாகம் எந்த ஒப்பந்ததாரரிடம் வாங்குகிறார்கள், பராமரிப்புக்கு எப்போது நிறுத்துகிறார்கள், இதெல்லாம் எந்த அலுவலகத்திலும் நிர்வாகக் கணினியில்தான் இருக்கும். உள்ளே நுழையத் திட்டம் போடுகிறவனுக்குத் தேவையானது அதுதான். அனுமதியின்றி நகலெடுப்பதும் தீநிரல் புகுத்துவதும் 43ஆம் பிரிவின் பட்டியலில் தெளிவாக இருக்கு. அது உலையா அலுவலகமா என்று சட்டம் கேட்பதில்லை. ஆக முதல் அறிக்கை 'தாக்குதல்' என்ற சொல்லுக்கு எடுத்துக்கொண்ட பொருள் நம் நாட்டுச் சட்டம் தரும் பொருளை விடக் குறுகியது.

இவ்வளவு நுணுக்கிப் பார்ப்பதற்குக் காரணம் அந்த இடம். 2011, 2012இல் இடிந்தகரையில் ஜனங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட கேள்வி ஒன்றுதான். ஏதாவது நடந்தால் எங்களிடம் உண்மையைச் சொல்வீர்களா? உலை வேண்டும், வேண்டாம் என்ற விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் கேள்வி நியாயமானது. ஒரே ஒரு நாள் இடைவெளியில் 'சாத்தியமே இல்லை' என்பதும் 'கண்டறியப்பட்டது சரிதான்' என்பதும் வந்தபோது, உலை பாதுகாப்பாகவே இருந்திருந்தாலும், அடுத்த அறிக்கையை நம்பும் ஆள் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

ஹேக்கிங் என்றால் சாமர்த்தியமான ஒருவன் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைத் தட்டி நேரே உலையை நிறுத்துவது என்ற சினிமாப் பொருளில் நாம் மாட்டிக்கொண்டால், "அப்படி எதுவும் நடக்கலை" என்று மறுப்பது ரொம்பச் சுலபம். அப்படித்தான் எதுவும் நடக்கலையே. நடந்தது வேறு. அதைக் கேட்க நம்மிடம் சொல் இல்லை.

இதே மாதிரி சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று கும்பகோணத்தில். 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி தொடக்கத்தில் அதன் ஸ்விஃப்ட் முறை வழியாக, வங்கி அனுப்பாத மூன்று பணப்பரிமாற்றங்கள் வெளிநாடுகளுக்குப் போயின. 5 லட்சம் டாலர், 3 லட்சம் யூரோ, 10 லட்சம் டாலர். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசை. மறுநாள் காலை கணக்குச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் தொகை வழியிலேயே நிறுத்தப்பட்டது. எனக்கு இதில் மறக்க முடியாதது பிரிண்டர். ஸ்விஃப்டில் பணம் அனுப்பினால் ஒப்புதல் தாள் தானாக அச்சாகி வரும். அந்த பிரிண்டரை முடக்கிவிட்டுத்தான் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். தாள் வரலை, யாருக்கும் சந்தேகம் வரலை.

இரண்டு வருடம் முன்னால், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இதே பிரிண்டர் கதைதான். அங்கே கேட்டது 95 கோடி டாலருக்கும் மேல், போனது 8.1 கோடி டாலர். அதில் 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் கணக்குக்குப் போக இருந்தது. ஆங்கிலத்தில் 'ஃபவுண்டேஷன்' என்பதை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததால் நடுவில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது, பணம் தப்பியது. தமிழாசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் வகுப்பில் சொல்ல ஏற்ற கதை.

இந்த வகைக்குத் தொப்பி நிறம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இங்கே நடந்தது என்னவென்றால், உள்ளே இருப்பவருடைய அடையாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பவர் மாதிரியே கட்டளை கொடுப்பது. ராஜபாளையம் நாய் எவ்வளவு கெட்டிக்காரக் காவல் நாயாக இருந்தாலும், வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் வாசனையோடு வருபவனைப் பார்த்துக் குரைக்காது. ஸ்விஃப்ட் முறை அப்படித்தான் குரைக்காமல் இருந்தது.

இன்னொரு வகையில் யாரும் உள்ளேயே போவதில்லை. 1990களின் கடைசியில் இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சல் பெட்டிகளுக்கு 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்ற பெயரில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அஞ்சல்கள் குவிந்தன. இணையப் பயங்கரவாதத்தின் முதல் சம்பவம் என்று ஆங்கிலப் புத்தகங்களில் இதைப் போடுவார்கள், ஹேக்கிங் பட்டியலிலும் சேர்ப்பார்கள். பூட்டு உடையலை, யாரும் நுழையலை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். பட்டியல் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையாவது சொல்லலாம்.

அனுமதியைப் பற்றியும் கொஞ்சம் பேசணும். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் போனுக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடம் செல்லும். ஆறு இலக்கம் என்றால் மொத்தமே 10 லட்சம் எண்கள்தான். ஒரே கணினியில் இருந்து சும்மா சும்மா முயன்றால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். ஆனா ஆயிரம் வேறு வேறு ஐபி முகவரிகளில் இருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால்? அவர் 2 லட்சம் எண்களைத் தடையில்லாமல் அனுப்பிக் காட்டினார். முழு 10 லட்சத்துக்கும் 5 ஆயிரம் முகவரிகள் போதும் என்று கணக்கும் போட்டார். வாடகை மேகக் கணினிகளில் அதற்குச் சுமார் 150 டாலர்தான் ஆகுமாம். ஃபேஸ்புக் நிறுவனம் ஓட்டையை அடைத்து, அவருக்கு 30 ஆயிரம் டாலர் பரிசு கொடுத்தது. இதற்கு முன்பே 2015இல், யாருடைய புகைப்பட ஆல்பத்தையும் ஃபேஸ்புக்கில் அழித்துவிட முடியும் என்று கண்டுபிடித்து 12,500 டாலர் வாங்கியவர் அவர்.

இதே காரியத்தை இன்னொருவர் ஒரு நடிகையின் கணக்கில் செய்தால் 66ஆம் பிரிவு. கையில் இருக்கும் வித்தை ஒன்றே. நிறுவனம் முன்கூட்டியே "வந்து சோதித்துப் பாருங்க, இந்த விதிகளுக்குள் நில்லுங்க" என்று அறிவித்திருக்கா என்பதுதான் வித்தியாசம். அப்படி அறிவிக்காத இடத்தில், நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சோதிக்கிற கல்லூரி மாணவருக்கு 43ஆம் பிரிவில் தனி விலக்கு எதுவும் எழுதப்படலை. 'வெள்ளைத் தொப்பி' என்று சொல்லிப் பையன்களை உற்சாகப்படுத்தும் கட்டுரைகள் இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விடுவது எனக்கு ஆபத்தாகவே படுது. மனசு வெள்ளையாக இருப்பது அனுமதிக் கடிதம் ஆகாது.

கடைசியாக, தினமும் காதில் விழும் வகை. எங்க பக்கத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருத்தர். கரண்ட் பில் கட்டலை, இன்னைக்கு ராத்திரி இணைப்பைத் துண்டிச்சிருவோம் என்று ஒரு குறுஞ்செய்தி. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினார். அவர்கள் சொன்ன செயலியைப் போனில் ஏற்றினார். அது போன் திரையை அங்கே இருப்பவனுக்குக் காட்டும் செயலி. ஓடிபி வந்தது, அவனும் பார்த்தான். பணம் போச்சு.

"போனை ஹேக் பண்ணிட்டான் தம்பி. படிச்ச பயலுக. நம்மளால என்ன செய்ய முடியும்?" என்றார்.

அந்தச் சொல் அவருக்கு ஒரு மறைப்பு. ஏமாந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்வதை விட ஹேக் பண்ணிட்டாங்க என்று சொல்வது கௌரவம். அது எனக்குப் புரியுது. ஆனால் அதே சொல்தான் அவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வைத்தது. ஹேக்கிங் என்றால் மழை, இடி மாதிரி மேலே இருந்து விழுவது, நாம் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற எண்ணம். ஒன்றரை நாள் கழித்துத்தான் பேரன் 1930க்கு போன் போட்டான். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைப்பதற்காகத்தான் அந்த எண்ணே இருக்கு. முதல் மணி நேரத்தில் கூப்பிடுவதற்கும் மறுநாள் கூப்பிடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "ஒருத்தன் என்னை ஏமாத்தி என் கையாலயே கதவைத் திறக்க வச்சுட்டான்" என்று அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி தானாக "எந்தக் கணக்கு, எந்த வங்கி, உடனே யாரைக் கூப்பிடணும்" என்று வந்திருக்கும்.

2018 மே மாதம் வந்த 'இரும்புத்திரை' படத்தை இங்கே குறிப்பிடணும். அர்ஜுனின் வில்லன் பெயரே 'ஒயிட் டெவில்'. அதில் வழக்கமான சினிமா மாயாஜாலம் நிறைய உண்டு, ஒரு ஆள் நினைத்தால் எதையும் திறப்பான். ஆனாலும் பணம் போவதற்கு முன்னால் விவரம் போகிறது, அந்த விவரத்தை நாமே அங்கங்கே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பதைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் புரியும்படி சொன்ன படம் என்று அதற்கு மதிப்பு கொடுப்பேன். தொப்பிக் கட்டுரைகள் பத்து சேர்ந்தாலும் அதில் பாதியைச் சொல்லலை.

கூடங்குளத்து அக்டோபர் 30 அறிக்கையை இதை எழுதுவதற்காக மறுபடியும் எடுத்துப் படித்தேன். எந்தக் கணினி, எந்த வலையமைப்பு, எது பாதிக்கப்படலை என்பதெல்லாம் இருக்கு. அந்த நிர்வாகிக் கடவுச்சொல் முதல் தடவை எப்படி வெளியே போனது, மின்னஞ்சலா, யுஎஸ்பியா, யாரோ ஒருவர் நம்பித் திறந்த கோப்பா என்பது மட்டும் அதில் இல்லை. என்ன என்ன நகலாகிப் போனது என்பதும் இல்லை.

2022 ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. இணையப் பாதுகாப்புச் சம்பவம் எதுவானாலும் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்கணும் என்று. நல்ல உத்தரவுதான். சம்பவங்களின் பட்டியலும் அதில் நீளமாக, காரியம் காரியமாக இருக்கு. பக்கத்து ஊர்க்காரனுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்லணும் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை.